நிகிதா கத்சலாபோவ்: ஜோடி மாறியபின் வந்த எட்டு ஆண்டுகள்

கேள்வி இது: ரஷ்ய ஐஸ் டான்ஸ் வீரர் நிகிதா கத்சலாபோவ், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய கையோடு தன் ஜோடி எலெனா இலினிக்கை விட்டுப் பிரிந்தார். அது பெரிய தவறு என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அவரே பிறகு உலக சாம்பியனும் ஆனார். அப்படியானால் அந்த முடிவு சரியா, தவறா? அவருடைய போட்டி வாழ்க்கை உண்மையில் எப்படிப் போனது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிவு அவருக்கு ஒரு முழு ஒலிம்பிக் சுற்றைத் தின்றுவிட்டது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2019-க்குப் பிறகு அவர் எட்டிய உயரத்துக்கு ஜோடி மாறியது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. பெரிய காரணம், தோல்வியில் போன அந்த ஆண்டுகளில் தன்னிடம் நெடுநாளாக இருந்த ஒரு பலவீனத்தை அவர் சரிசெய்துகொண்டது. அது என்ன பலவீனம் என்று புரிய, இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஐஸ் டான்ஸ் என்பது ஜோடி ஸ்கேட்டிங் இல்லை. பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது, வீசி எறிவது, மூன்று சுற்றுத் தாவல் போடுவது எல்லாம் இதில் கிடையாது. லிஃப்ட் உண்டு, ஆனால் ஆண் தன் கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் தாங்கக் கூடாது. மதிப்பெண் எல்லாம் காலடியில்தான் இருக்கிறது. பிளேடின் உள்விளிம்பில் போகிறார்களா வெளிவிளிம்பில் போகிறார்களா, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இருவருக்கும் இடையே எவ்வளவு நெருக்கம், தாளத்தோடு கால் சேர்கிறதா என்பதையெல்லாம் தொழில்நுட்பக் குழு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். ஒரு திருப்பத்தில் விளிம்பு தட்டையாகிவிட்டால் நிலை, அதாவது அந்த அம்சத்தின் கடினத்துக்குத் தரும் படி, குறையும். பார்வையாளருக்கு அது தெரியவே தெரியாது.

பார்வையாளருக்கும் பளிச்சென்று தெரிகிற ஒரே அம்சம் ட்விசில். ஒற்றைக் காலில் வேகமாகச் சுழன்றுகொண்டே பனியில் முன்னேற வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் தொடாமல், ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒருவர் அரைச் சுற்றுப் பிந்தினாலும் கண்ணில் குத்தும். கால் இடறினால் நிலையும் போகும், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதற்குத் தரும் தரப் புள்ளியும் போகும். முன்னணி ஜோடிகளுக்கு இடையே ஒரு புள்ளி, அரைப் புள்ளி வித்தியாசம்தான் இருக்கும் என்பதால், ஒரு ட்விசில் சறுக்கினால் பதக்க மேடையிலிருந்து இறங்கிவிட வேண்டியதுதான்.

கத்சலாபோவ் 1991-ல் மாஸ்கோவில் பிறந்தவர். இலினிக் அவரைவிடக் கிட்டத்தட்ட மூன்று வயது இளையவர், கஜகஸ்தானின் அக்தாவ் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே சேர்ந்து ஆடத் தொடங்கிய இந்த ஜோடியை ஜூனியர் காலத்தில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஸூலின். ஸூலின் 1993 உலக சாம்பியன், 1994 ஒலிம்பிக்கில் மாயா உசோவாவோடு வெள்ளி வாங்கியவர். பயிற்சியாளராகி, 2006 டூரின் ஒலிம்பிக்கில் தத்தியானா நவ்கா, ரோமன் கோஸ்தொமரோவ் ஜோடியைத் தங்கம் வரை கொண்டுபோனவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார்.

2010 மார்ச்சில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் இவர்கள் தங்கம் வென்றார்கள். இலினிக்குக்கு அப்போது பதினாறு வயதுகூட முடியவில்லை. அடுத்த பருவத்திலேயே சீனியர் களத்துக்கு வந்து, 2011 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் நான்காமிடம், மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் ஏழாமிடம். புதிதாக வந்த ஜோடிக்கு இது நல்ல தொடக்கம். சீனியரில் முதல் சில ஆண்டுகள் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டிய விளையாட்டு இது. இவர்களோ நேராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

2011-ல் ஸூலினை விட்டு இன்னொரு பயிற்சியாளரான நிகோலாய் மொரோசோவிடம் போனார்கள். 2012 ஐரோப்பிய வெண்கலம், 2013-ல் வெள்ளி. அந்த 2013 ஸாக்ரெப் போட்டியில் யெகத்தெரினா போப்ரோவா, திமித்ரி சொலோவ்யோவ் ஜோடியிடம் 0.11 புள்ளியில்தான் தங்கத்தை இழந்தார்கள். அதே பருவத்தில், இரண்டே மாதம் கழித்து, கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஒன்பதாம் இடம்! ஐரோப்பாவில் நூலிழையில் தங்கத்தைத் தவறவிட்ட ஜோடி, உலகப் போட்டியில் முதல் ஐந்துக்குள்கூட வரவில்லை.

இந்த ஏற்ற இறக்கம்தான் இலினிக் காலத்துக் கத்சலாபோவின் அடையாளம். பனியில் அவர் நகரும் விதத்தைப் பார்த்தால் அசந்துபோவோம். மடங்கிய முழங்காலில், ஆழமான விளிம்பில், சத்தமே இல்லாமல் வேகம் எடுப்பார். இது பயிற்சியால் மட்டும் வருவதில்லை. ஆனால் ட்விசில் வரும்போது பார்ப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். எந்த நாளில் சரியாக வரும், எந்த நாளில் இடறும் என்று சொல்ல முடியாது. திறமையில் முதல் மூன்றுக்குள் வைக்கத் தக்கவர், நிதானத்தில் பத்தாவது இடத்தில் இருந்தார்.

சோச்சியில் எல்லாம் கூடிவந்தது. அந்த ஒலிம்பிக்கில்தான் அணிப் போட்டி முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஐஸ் டான்ஸ் போட்டிக்குக் குறு நடனம், சுதந்திர நடனம் என்று இரண்டு பகுதி. ரஷ்யா குறு நடனத்துக்குப் போப்ரோவா, சொலோவ்யோவ் ஜோடியையும், சுதந்திர நடனத்துக்கு இலினிக், கத்சலாபோவ் ஜோடியையும் இறக்கியது. இவர்கள் அமெரிக்க, கனடிய ஜோடிகளுக்கு அடுத்து மூன்றாவதாக வந்து எட்டுப் புள்ளி சேர்த்தார்கள். ரஷ்யா 75 புள்ளியோடு தங்கம் வென்றது.

பிறகு தனிப்போட்டி. சைக்கோவ்ஸ்கியின் அன்னப்பறவை ஏரி இசைக்கு அவர்கள் ஆடிய சுதந்திர நடனத்தை இன்றைக்குப் பார்த்தாலும் மயிர்க்கூச்செறியும். குறு நடனத்தில் 73.04, சுதந்திர நடனத்தில் 110.44, மொத்தம் 183.48. மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடிக்குத் தங்கம் (195.52), டெஸ்ஸா வெர்ச்சூ, ஸ்காட் மோயர் ஜோடிக்கு வெள்ளி (190.99); இவர்களுக்கு வெண்கலம். சொந்த நாட்டில், இருபத்திரண்டு வயதில், இரண்டு ஒலிம்பிக் பதக்கம். இலினிக்குக்குப் பத்தொன்பதுதான்.

டேவிஸும் வைட்டும் அதோடு போட்டியை நிறுத்தினார்கள். வெர்ச்சூவும் மோயரும் இரண்டு ஆண்டு ஒதுங்கியிருந்தார்கள். சோச்சி மேடையில் நின்ற மூன்று ஜோடிகளில் அடுத்த பருவத்தில் தொடர வாய்ப்பிருந்தது இவர்களுக்கு மட்டும்தான். அடுத்த நான்கு ஆண்டு இவர்கள் கையில் என்று அப்போது யார் வேண்டுமானாலும் பந்தயம் கட்டியிருப்பார்கள். பிரிவுச் செய்தி பலருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

மார்ச் மாதம் ஜப்பானின் சைத்தாமாவில் நடந்த உலகப் போட்டியில் நான்காமிடம். அந்தப் போட்டி வேறு ஒரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கிறது. தங்கம் 175.43, வெள்ளி 175.41, வெண்கலம் 175.37. மூன்று பதக்கங்களும் 0.06 புள்ளிக்குள் அடங்கிவிட்டன. அப்படிக் கதவு திறந்து கிடந்த நாளில் இவர்கள் வெளியே நின்றார்கள். அதுவே இந்த ஜோடியின் கடைசிப் போட்டியும் ஆனது.

சில வாரங்களில் செய்தி வந்தது. கத்சலாபோவ் இனி விக்டோரியா சினிட்சினாவோடு ஆடுவார். சினிட்சினாவின் அதுவரையான ஜோடி ருஸ்லான் ஷிகான்ஷின். அவர்கள் 2012 ஜூனியர் உலக சாம்பியன்கள், சோச்சியில் பதினாறாமிடம் வந்தவர்கள். தனித்து விடப்பட்ட இலினிக்கும் ஷிகான்ஷினும் தங்களுக்குள் ஜோடி சேர்ந்தார்கள். ஆக, 2010, 2012 ஆண்டுகளின் ஜூனியர் உலக சாம்பியன் ஜோடிகள் இரண்டும் உடைந்து, குறுக்காக மாறிச் சேர்ந்தன.

ரஷ்ய ஐஸ் டான்ஸில் இது புதிதில்லை. இலியா அவெர்புக் 1990, 1992 ஆண்டுகளில் மரீனா அனிசினாவோடு ஜூனியர் உலக சாம்பியன் ஆனவர். பிறகு அவரை விட்டு இரினா லொபச்சோவாவோடு சேர்ந்தார். அனிசினா பிரான்ஸுக்குப் போய் குவென்டல் பெய்செராவோடு ஆடினார். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் அனிசினாவுக்குத் தங்கம், அவெர்புக்குக்கு வெள்ளி. சிறு வயதில் சேர்த்துவைக்கப்பட்ட ஜோடி, வளர்ந்தபின் உயரமும் உடல்வாகும் குணமும் மாறிப் பொருந்தாமல் போவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் அது பதினாறு, பதினெட்டு வயதில் நடந்துவிடும். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியபின் நடந்ததுதான் கத்சலாபோவ் விஷயத்தில் வித்தியாசம்.

ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை. பனியில் நடந்ததை மட்டும் பேசுகிறேன்.

பனியில் நடந்தது, முதல் ஆண்டுக் கணக்குப்படி, இலினிக்குக்குச் சாதகமாக இருந்தது. அவரும் ஷிகான்ஷினும் சேர்ந்த முதல் பருவத்திலேயே ரஷ்ய சாம்பியன் ஆனார்கள், 2015 ஐரோப்பிய போட்டியில் நான்காமிடம், உலகப் போட்டியில் ஏழாமிடம். கத்சலாபோவுக்கும் சினிட்சினாவுக்கும் அந்த இரண்டு போட்டிகளுக்கான ரஷ்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. ஓராண்டுக்கு முன் ஒலிம்பிக் மேடையில் நின்றவர், வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

இந்தக் காலத்தில் கத்சலாபோவும் சினிட்சினாவும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கேண்டனில் மரீனா ஸுவேவாவிடம் பயிற்சி எடுத்தார்கள். டேவிஸ், வைட் ஜோடியைச் சோச்சித் தங்கம் வரை வளர்த்தவர் அவர். 2016-ல் அணிக்குத் திரும்பி, பிராட்டிஸ்லாவா ஐரோப்பிய போட்டியில் நான்காமிடம், பாஸ்டன் உலகப் போட்டியில் ஒன்பதாமிடம். பிறகு 2016-லேயே மாஸ்கோ திரும்பி, பழைய ஆசான் ஸூலினிடம் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2017 உலகப் போட்டியில் இல்லை. 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் இல்லை. அதே ஆண்டு மிலான் உலகப் போட்டியிலும் இல்லை. ஸூலினின் அதே தளத்தில் பயிற்சி எடுத்த போப்ரோவா, சொலோவ்யோவ் ஜோடிதான் பியாங்சாங்கில் ரஷ்யாவின் முதன்மை ஜோடி.

2014-லிருந்து 2018 வரை நான்கு ஆண்டு. இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தாறு வரை. ஒரு ஸ்கேட்டருக்கு உடல் முழு பலத்தில் இருக்கும் வயது அது. இதைக் கணக்கில் எடுக்காமல், 'கடைசியில் உலக சாம்பியன் ஆகிவிட்டாரே' என்று முடிவை நியாயப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2018-ல் அவர் ஓய்வு பெற்றிருந்தால், இந்த விளையாட்டில் மிகப் பெரிய திறமையை வீணடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்கும்.

அப்புறம் என்ன மாறியது?

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்று, போப்ரோவாவும் சொலோவ்யோவும் விலகினார்கள். ரஷ்யாவின் முதல் இடம் காலியானது. இரண்டு, 2018-19 பருவத்திலிருந்து விதிகள் மாறின. தரப் புள்ளி முன்பு கழித்தல் 3-லிருந்து கூட்டல் 3 வரை இருந்தது. அது கழித்தல் 5, கூட்டல் 5 என்று விரிந்தது. குறு நடனம் ரிதம் டான்ஸ் என்று பெயர் மாறியது. ட்விசில் போன்ற அம்சங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக நிலை கணிக்கத் தொடங்கினார்கள். நன்றாகச் செய்தால் முன்பைவிட அதிக லாபம், தவறு செய்தால் முன்பைவிட அதிக நஷ்டம். பழைய கத்சலாபோவுக்கு இந்த விதி பேராபத்து. புதிய கத்சலாபோவுக்கு அது வரமாக அமைந்தது.

மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியமானது. அவருடைய ஆட்டத்திலிருந்து பதற்றம் வெளியேறியது. பழைய காணொளிகளையும் 2018-க்குப் பிந்தையவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும். இலினிக்கோடு ஆடும்போது இருவருமே பெரிய நடிப்பு, பெரிய வேகம், பெரிய உணர்ச்சி என்று போவார்கள். ஒவ்வொரு நொடியும் உச்சத்தில் இருக்கும், அதனால் சிறு தடுமாற்றத்தைச் சரிசெய்ய இடமே இருக்காது. சினிட்சினா வேறு விதமானவர். நீண்ட கை கால், மெல்லிய கோடு, அலட்டல் இல்லாத மேல் உடல். அவரோடு ஆடும்போது கத்சலாபோவும் அடங்கினார். ட்விசிலுக்குள் நுழையும் வேகத்தை அளந்து எடுத்தார். லிஃப்டிலிருந்து இறக்கிவிடுவதும் அடுத்த அடியும் ஒரே ஓட்டத்தில் வந்தன. 2018-19-ல் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) இசைக்கு அவர்கள் ஆடிய சுதந்திர நடனத்தில் இந்த மாற்றம் முதன்முதலாக முழுதாகத் தெரிந்தது.

பலனும் கிடைத்தது. பருவத்தின் முன்னணி ஜோடிகள் மோதும் கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் வெள்ளி, ரஷ்ய சாம்பியன் பட்டம். 2019 ஐரோப்பிய போட்டியில் நான்காமிடம் என்று ஒரு சறுக்கல். ஆனால் இரண்டு மாதத்தில் சைத்தாமா உலகப் போட்டியில் 211.76 புள்ளியோடு வெள்ளி. ஐந்து ஆண்டுக்கு முன் இலினிக்கோடு கடைசியாக ஆடி நான்காமிடம் வந்த அதே நகரம்! தங்கம் வென்ற பிரெஞ்சு ஜோடி கப்ரியெல்லா பாப்படாக்கிஸ், கியோம் சிசரோன் எடுத்தது 222.65. இடைவெளி 10.89 புள்ளி. ஐஸ் டான்ஸில் இது பெரிய பள்ளம். அந்தப் பிரெஞ்சு ஜோடி வேறு ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தது என்றே அப்போது தோன்றியது.

பத்து மாதம் கழித்து, 2020 ஜனவரியில், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். கத்சலாபோவின் போட்டி வாழ்க்கையில் மிகப் பெரிய நாள் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். உலகத் தங்கத்தையும் ஒலிம்பிக் வெள்ளியையும்கூட இதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

அந்தப் பருவத்தின் ரிதம் டான்ஸில் எல்லா ஜோடிகளும் ஆட வேண்டிய கட்டாய நடன அமைப்பு ஃபின்ஸ்டெப். பின்லாந்தின் சூசன்னா ரஹ்காமோ, பெத்ரி கொக்கோ ஜோடி உருவாக்கிய, குயிக்ஸ்டெப் என்ற வேகமான பால்ரூம் நடன வகையைச் சேர்ந்தது இது. துள்ளலும் நின்று கிளம்புவதும் குறும்புமாக, இடைவெளியே இல்லாமல் கால் வேலை வரும். கால் கனத்தால் உடனே தெரிந்துவிடும். சோச்சிப் பருவத்தின் குறு நடனத்திலும் இதே ஃபின்ஸ்டெப்தான். அதாவது ஒரே நடன அமைப்பில், ஆறு ஆண்டு இடைவெளியில், இரண்டு வேறு ஜோடியோடு அவர் ஆடியதை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஸ்கேட்டிங்கில் இப்படி நேருக்கு நேர் ஒப்பிட அரிதாகத்தான் முடியும்.

கிராஸில் ரிதம் டான்ஸ் முடிவில் பிரெஞ்சு ஜோடி 88.78, இவர்கள் 88.73. வித்தியாசம் 0.05. சுதந்திர நடனத்தில் இவர்கள் 131.69, அவர்கள் 131.50. மொத்தம் 220.42-க்கு எதிராக 220.28. வெறும் 0.14 புள்ளியில் தங்கம். 2015-லிருந்து 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியனாக இருந்தவர்களை, பியாங்சாங்குக்குப் பிறகு யாராலும் வீழ்த்த முடியாத ஜோடியை, நேருக்கு நேர் ஆடி வென்றார்கள். பத்து மாதத்தில் 10.89 பின்தங்கல் 0.14 முன்னிலை ஆனது. அந்த நாளில் பிரெஞ்சு ஜோடி முழு அழகில் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு, அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் எதிராளி கொஞ்சம் தடுமாறும் நாளில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் நிற்பதற்கே எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும்! 2014 சைத்தாமாவில் அவரால் முடியாதது இதுதான்.

மாண்ட்ரியாலில் நடக்க வேண்டிய 2020 உலகப் போட்டி கொரோனாவால் ரத்தானது. மறுமுறை மோதிப் பார்க்கும் வாய்ப்பு போயிற்று. 2021 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில், பார்வையாளர் இல்லாத அரங்கில் உலகப் போட்டி நடந்தது. பாப்படாக்கிஸும் சிசரோனும் வரவில்லை. சினிட்சினா, கத்சலாபோவ் ஜோடி 221.17 எடுத்துத் தங்கம் வென்றது. அமெரிக்காவின் ஹப்பெல், டோனஹியூ ஜோடி 214.71, கனடாவின் கில்லஸ், புவாரியே ஜோடி 214.35. ஊக்கமருந்து விவகாரத் தீர்ப்பால் ரஷ்யர்கள் தங்கள் நாட்டுக் கொடி இல்லாமல் ஆட வேண்டிய காலம் அது. 2009-ல் ஒக்சானா தோம்னினா, மக்சிம் ஷபாலின் ஜோடி வென்றபிறகு, பன்னிரண்டு ஆண்டு கழித்து ரஷ்யாவுக்கு இந்தப் பிரிவில் கிடைத்த முதல் உலகப் பட்டம்.

முதன்மை எதிராளி இல்லாத தங்கம் என்று இதைக் குறைத்துப் பேசுவார்கள். நானும் கிராஸை இதைவிட மேலே வைப்பவன்தான். ஆனால் இரண்டாமிடத்தை 6.46 புள்ளியில் முந்தியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டுத்தடுமாறிக் கிடைத்த வெற்றி இல்லை அது.

2022 ஜனவரியில் எஸ்தோனியாவின் தாலின் நகரில் இரண்டாவது ஐரோப்பியத் தங்கம். அடுத்த மாதம் பெய்ஜிங். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கத்சலாபோவுக்கு இரண்டாவது ஒலிம்பிக்.

அணிப் போட்டியில் ரிதம் டான்ஸ், சுதந்திர நடனம் இரண்டையும் இவர்களே ஆடினார்கள். இரண்டிலும் இரண்டாமிடம், ஒன்பது ஒன்பதாகப் பதினெட்டுப் புள்ளி. தனிப்போட்டியில் பிரெஞ்சு ஜோடி 226.98 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றது. இவர்கள் ரிதம் டான்ஸில் 88.85, ராக்மனினோவ் இசைக்கு ஆடிய சுதந்திர நடனத்தில் 131.66, மொத்தம் 220.51. வெள்ளி. கிராஸில் எடுத்ததைவிட அதிகப் புள்ளிதான். ஆனால் பாப்படாக்கிஸும் சிசரோனும் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு மறைந்திருந்து வேறு உயரத்துக்குப் போயிருந்தார்கள். அன்றைக்கு அவர்களை யாராலும் வென்றிருக்க முடியாது. இந்த வெள்ளியைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. தன்னால் முடிந்ததைத் தவறில்லாமல் ஆடிக் காட்டி இரண்டாமிடம் வருவது, பழைய கத்சலாபோவுக்கு வாய்க்காத ஒன்று.

அணிப் பதக்கத்தின் கதை வேறு. ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணி (ரஷ்யர்கள் அங்கே ஆடிய பெயர் இது) 74 புள்ளியோடு முதலிடம் வந்தது. உடனே, அணிக்காகப் பெண்கள் பிரிவில் ஆடிய காமிலா வலியேவாவின் ஊக்கமருந்துச் சோதனை முடிவு வெளியாகி, பெய்ஜிங்கில் அணிப் பதக்க விழாவே நடக்கவில்லை. 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் வலியேவாவுக்கு நான்காண்டுத் தடை விதித்து, 2021 டிசம்பர் 25-லிருந்து அவருடைய முடிவுகளை நீக்கியது. சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் அவர் சேர்த்த இருபது புள்ளியைக் கழித்தது. ரஷ்ய அணி 54-க்கு இறங்கியது. அமெரிக்கா 65, ஜப்பான் 63. கனடா 53 என்பதால் ரஷ்யாவுக்கு வெண்கலம் தங்கியது. கனடா செய்த மேல்முறையீடு தள்ளுபடியானது. அந்த 54-ல் மூன்றில் ஒரு பங்கு சினிட்சினாவும் கத்சலாபோவும் சேர்த்தது. இன்னொருவர் வழக்கில் தங்கள் பதக்கத்தின் நிறம் மாறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய நிலை. அதே நேரம், சுத்தமாக ஆடிய அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் தங்கள் பதக்கத்தை 2024 ஆகஸ்டில் பாரிஸில்தான் பெற முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. என் அனுதாபம் முதலில் அவர்களுக்குத்தான்.

2022 மார்ச் 1 அன்று, உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து, ரஷ்ய, பெலாரஸ் வீரர்களைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஸ்கேட்டிங் ஒன்றியம் விலக்கியது. அந்த மாதம் மாண்ட்பெல்லியேயில் நடந்த உலகப் போட்டியில் உலக சாம்பியன் என்ற முறையில் பட்டத்தைக் காக்க இவர்களால் இறங்க முடியவில்லை. பெய்ஜிங்குக்குப் பிறகு கத்சலாபோவ் சர்வதேசப் போட்டி எதிலும் ஆடவில்லை. சினிட்சினாவும் அவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

சரி, முடிவு சரியா தவறா என்ற கேள்விக்கு வருகிறேன். இலினிக்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கடுமையான இழப்பு. அவருக்குச் சோச்சிக்குப் பிறகு உலக, ஒலிம்பிக் பதக்க மேடை வாய்க்கவே இல்லை. அவ்வளவு தீவிரமான கலைஞருக்குப் பத்தொன்பது வயதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம். கத்சலாபோவின் பக்கத்திலிருந்து பார்த்தால், 2018 வரை தவறு, 2020-லிருந்து சரி என்று சொல்வதும் மேலோட்டமானதுதான். இலினிக்கோடு தொடர்ந்திருந்தால் 2015, 2016-லேயே உலகப் பட்டம் வந்திருக்கலாம், பழைய தடுமாற்றம் தொடர்ந்து ஒன்றுமே வராமலும் போயிருக்கலாம். நமக்குக் கையில் இருப்பது ஒன்றுதான்: இலினிக்கோடு ஆடியவருக்கு நல்ல நாளில் மட்டும் பதக்கம் கிடைத்தது, சினிட்சினாவோடு 2019 உலகப் போட்டிக்குப் பிறகு அவர் ஆடிய ஐரோப்பிய, உலக, ஒலிம்பிக் தனிப்போட்டிகள் ஒவ்வொன்றிலும் தங்கமோ வெள்ளியோ கிடைத்தது. அந்த நிதானத்தைக் கொடுத்ததில் சினிட்சினாவுக்கும் ஸூலினுக்கும் பெரிய பங்கு உண்டு, ஆனால் ட்விசிலைத் தன் காலில் திருத்திக்கொண்டவர் அவர்.

நேரமிருந்தால் மூன்று ஆட்டங்களை இந்த வரிசையில் பாருங்கள்: 2014 சோச்சி தனிப்போட்டியின் சுதந்திர நடனம், 2020 கிராஸ் ரிதம் டான்ஸ், 2022 பெய்ஜிங் சுதந்திர நடனம். முதல் தடவை முகத்தைப் பார்க்காமல், இடுப்புக்குக் கீழே அவருடைய முழங்காலையும் பிளேடையும் மட்டும் கவனியுங்கள். ட்விசில் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு, மூன்று நொடிகளில் அவர் எப்படித் தயாராகிறார் என்பதைச் சோச்சியிலும் பெய்ஜிங்கிலும் நிறுத்தி நிறுத்தி ஒப்பிட்டால், நான் மேலே சொன்ன வித்தியாசம் பிடிபடும்.